கோட்டுக்கு வெளியே ஒரு சாண்

ஜூன் 8, சனி

இந்த நோட்டு என் யோசனை இல்லை. நஸ்ரின் கொடுத்தது. பிசியோதெரபி படித்த பெண், வயது இருபத்தாறு. என் இடது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கே உடற்பயிற்சி சொல்லித்தருகிறாள். "தினமும் எழுதுங்க ஆன்ட்டி. முட்டி எத்தனை டிகிரி மடங்குச்சு, வலி பத்துக்கு எவ்ளோ, மனசு எப்டி இருந்துச்சு, எல்லாம் எழுதுங்க." மனசு எப்படி இருந்தால் இவளுக்கு என்ன? முட்டியை மாற்றினார்களா, மனசை மாற்றினார்களா?

சரி, எழுதித் தொலைக்கிறேன். மடங்கியது அறுபது டிகிரி. வலி ஒன்பது. மனசு எரிகிறது.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் இன்று வீட்டுக்கு வந்தேன். அயனாவரம், முதல் மாடி, லிப்ட் கிடையாது. இரண்டு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை தேசிய டென்னிஸ் சாம்பியன் ஜெசிந்தா மச்சாது, அறுபத்துமூன்று வயதில், கல்யாணப் பந்தல் நாற்காலியில் மாடியேறினாள். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் பார்த்தாள்.

தெக்லா வந்திருக்கிறாள். என் தங்கை. தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் ரயிலில் இரண்டு பையோடும் ஒரு ஓலைப்பெட்டிக் கருவாட்டோடும் இறங்கியிருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். மருத்துவமனைப் படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அவள் எண்ணை எழுதினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் வேறு இல்லை. அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

அறுபத்திரண்டு டிகிரி. வலி ஒன்பது. பாத்ரூமுக்குத் தெக்லா பிடித்துக் கூட்டிப்போனாள். இதையும் எழுத வேண்டுமா நஸ்ரின்?

ஜூன் 12, புதன்

டென்னிஸ் சங்கத்துச் செயலாளர் வைத்தீஸ்வரன் போன் செய்தார். பத்து வருஷமாக என் எண் தொலைந்து போயிருந்ததாக்கும், இன்றைக்குக் கிடைத்துவிட்டது. புதிதாகப் போட்ட டென்னிஸ் மைதானம் ஒன்றுக்கு என் பெயரை வைக்கப்போகிறார்களாம். ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை காலை விழா. "நீங்க நடந்து வந்து ரிப்பன் வெட்டணும் மேடம். வீல்சேர் வேணாம், போட்டோவுக்கு நல்லாருக்காது" என்றார். என் முட்டிக்கு நாள் குறிக்க இவர் யார்? ஆனாலும் சரி என்றேன். நாற்பது வருஷம் கழித்து வந்தாலும் மரியாதை மரியாதைதான்.

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "எங்க ஆரம்பிச்சுதோ அதைச் சொல்லுங்க மேடம். எய்ட்டி த்ரீ ஃபைனல். அக்கா தங்கச்சி மேட்ச். அதுக்கப்புறம்தானே உங்களுக்கு ரயில்வே வேலை, நேஷனல் டைட்டில் எல்லாம்? கடைசி பாயிண்ட் எப்படி?"

சொன்னேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மாநிலப் பெண்கள் இறுதி ஆட்டம், மதுரை. முதல் செட் எனக்கு. இரண்டாவது செட்டில் ஐந்துக்கு நாலு, நாற்பது முப்பது, மேட்ச் பாயிண்ட். தெக்லா பேக்ஹேண்டில் ஒன்று அடித்தாள், என் பக்கத்துக் கோட்டை ஒட்டி. ஒரு சாண் வெளியே போனது. அவுட். கதை முடிந்தது.

போனை வைத்தபோது சமையலறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்க்க எனக்குக் கால் இல்லை. பிறகு மீன்குழம்பு வந்தது. உப்பே இல்லை.

"என்னட்டி இது, ஆசுபத்திரிச் சாப்பாடா?"

"மறந்துட்டேன் யக்கா" என்றாள். நாற்பது வருஷமாக உப்பு மறக்காதவள்.

எழுபது டிகிரி. வலி எட்டு.

ஜூன் 15, சனி

தெக்லா கான்வென்ட் பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். அந்தப் புத்தி போகவில்லை. காலை ஆறரைக்கே படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "யக்கா, கால நீட்டு. ஒன். டூ. ஏமாத்தாத, குதிகால் தரையில படணும்" என்கிறாள். தேசிய சாம்பியனுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்! அதிலும் அந்த 'ஏமாத்தாத' எதற்கு? வேறு வார்த்தை கிடைக்கவில்லையா அவளுக்கு?

வாக்கரைத் தள்ளிவிட்டுவிட்டேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் கூட்டி அள்ளினாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. இந்த வாய்மூடித்தனத்தைத்தான் எனக்குச் சகிக்கவே முடியாது. சின்னதிலிருந்தே இப்படித்தான்.

ஜூன் 19, புதன்

எழுபத்தெட்டு. வலி ஏழு. நஸ்ரின் கைதட்டினாள். நான் முறைத்தேன்.

மலருக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 

எங்கள் அப்பா தூத்துக்குடியில் ஒரு கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால் விடியுமுன்னே போய்ச் செம்மண் தரையைத் தண்ணீர் தெளித்து உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, பிறகு துரைமார் போல வருகிற மெம்பர்களோடு அவர்கள் தோற்காத மாதிரி ஆடிக்கொடுக்கிற வேலை. மெம்பர்கள் வருவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நானும் தெக்லாவும் ஆடினோம். ஒரு பழைய மட்டை, அதற்கு மாறி மாறிச் சண்டை. அம்மா பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் பாவாடை தைத்தாள். முட்டி தெரிகிறது என்று மாதா கோயில் பங்கில் பெரிய பேச்சு. இன்றைக்கு அதே முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து ஊரெல்லாம் பார்க்கிறது.

வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஆண்களுக்கு ஓட்டல், எங்களுக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சு. ஆண்களுக்குப் பத்திரிகையில் படம், எங்களுக்கு 'பெண்கள் பிரிவில்' என்று ஆரம்பிக்கிற ஒன்றரை வரி. அந்த 1983 இறுதி ஆட்டத்துக்கு எங்களுக்கு நடுவர்கூடக் கிடையாது, தெரியுமா? பக்கத்து மைதானத்தில் ஆண்கள் அரையிறுதி நடந்தது. இருந்த ஒரே நடுவர் அங்கே உயர நாற்காலியில் ஏறிக்கொண்டார். "அக்கா தங்கச்சிதான, நீங்களே சொல்லிக்கிடுங்க" என்று விட்டுவிட்டார்கள். நடுவர் இல்லாவிட்டால் வழக்கம் இதுதான்: உன் பக்கம் விழுந்த பந்தை நீதான் சொல்ல வேண்டும், உள்ளேயா வெளியேயா என்று. ஒரு நடுவர் இருந்திருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. எல்லாம் அந்தச் சங்கத்துக்காரன்கள் செய்த வேலை.

கட்டுரையில் எழுதினேன்: பந்து நான்கு விரல் வெளியே விழுந்தது.

ஒரு சாண் என்பது பேச்சுக்குச் சொல்வது. எழுதும்போது சரியாக எழுத வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

தெக்லா பூசைக்குப் போனாள். அவள் இல்லாத ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அரை மணி கழிந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்றுக்காக.

ஜூன் 27, வியாழன்

இன்று சண்டை.

கட்டுரையை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்க்கத்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். முடித்து மேசையில் வைத்துவிட்டு, "நல்லாருக்கு. ஒரு சாணு நாலு வெரலாயிட்டே" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "என்னட்டி குத்துத? சந்தேகம்னா அன்னைக்கே வந்து பாத்திருக்கலாம்லா? வலையச் சுத்தி நாலு எட்டு நடக்க ஒனக்குக் காலு இல்லியா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செம்மண் தரையில் பந்து விழுந்தால் நகக்கண் மாதிரி ஒரு தடம் விழும். தடம் பொய் சொல்லாது. எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் வலையைச் சுற்றி வந்து பார்க்கலாம். அது வரைக்கும் அவுட் சொன்னவள் தடத்துக்குப் பக்கத்தில் விரலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தெக்லா வரவில்லை. நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு வலைக்கு வந்து கை கொடுத்தாள். கை கொடுத்தால் ஒப்புக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்? நாற்பத்தொரு வருஷமாக நான் கேட்பது இதைத்தான். ஏன் வந்து பார்க்கவில்லை?

"வந்து கேட்டுருந்தா நீ என்ன சொல்லிருப்ப யக்கா?"

"அவுட்டுன்னு சொல்லிருப்பேன்!"

"அதான் வரல" என்றாள். அடுப்பில் சோறு பொங்குகிறது என்று போய்விட்டாள்.

இது ஒரு பதிலா?

எண்பத்தைந்து. வலி தெரியவில்லை, கோபத்தில்.

ஜூலை 3, புதன்

கைத்தடிக்கு மாறிவிட்டேன். மொட்டை மாடி வரை ஏறி இறங்கினேன். தெக்லா ஒரு படி பின்னாலேயே வந்தாள், கையை நீட்டியபடி. "விழமாட்டேன், தள்ளிப் போட்டி" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.

நஸ்ரின், மனசைப் பற்றிக் கேட்டாயே, இந்தா. தடத்தை நான் காலால் தேய்த்துவிட்டேன். அதில் ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில் கால் தானாகத் திரும்பும், தரை தேயும். செம்மண்ணில் ஆடியவர்கள் எல்லோரும் செய்வதுதான். தடத்தை அழிக்கிறவள் பாயிண்டை விட்டுக்கொடுத்தவள் என்பது அப்பாவின் சட்டம், டென்னிஸ் சட்டம் இல்லை. அதுவும் ஒரு விரல்தான் வெளியே. ஒரு விரல் வெளியே என்றாலும் வெளியேதானே?

அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவரை ஆண்கள் மைதானத்தில் தண்ணீர் தெளிக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் தெக்லாவிடம் கேட்டார். "தடத்தப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்ப்பா. அவுட்டுதான்" என்றாள் தெக்லா.

அப்பா அதோடு விட்டுவிட்டார். அடுத்த மாதம் எனக்கு ரயில்வேயில் வேலை வந்தது, விளையாட்டு வீராங்கனை கோட்டாவில். சென்னைக்கு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் தெக்லாவுக்குக் கல்யாணம். மட்டையை அவள் எடுத்துப்போகவில்லை.

நானா பொய் சொல்லச் சொன்னேன்? யார் கேட்டது அவளை? தானாக ஒரு பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, இருபது வயதிலேயே புனிதை மாதிரி இருந்துகொண்டாள். இரண்டு முறை தேசியக் கோப்பையைத் தூக்கினேன். இரண்டு முறையும், கூட்டத்தில் அவள் இல்லாத இடத்தைத்தான் பார்த்தேன். அந்த எரிச்சல் யாருக்குத் தெரியும்?

ஜூலை 11, வியாழன்

நூற்றைந்து. வலி நாலு.

வைத்தீஸ்வரனுக்கு நானே போன் செய்தேன். கட்டுரையில் ஒரு திருத்தம், அந்தக் கடைசிப் பந்து பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எழுத வேண்டும் என்றேன்.

சிரித்தார். "மேடம், மலர் அச்சுக்குப் போயிடுச்சு. அதுவும் இல்லாம, யார் கேட்டா இப்போ? மினிஸ்டர் வர்ற ஃபங்ஷன் மேடம். நல்லதா நாலு வார்த்தை பேசுங்க, போதும்."

எனக்கு யார் வாயை மூடச் சொன்னாலும் பிடிக்காது. நீ யாரடா எனக்குச் சொல்ல? மேடையில் நின்று சொல்கிறேன், பார்.

தெக்லாவிடம் சொல்லவில்லை. அங்கே கேட்டு ஆச்சரியப்படட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் விழா முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது மைதானம் நீல நிறத்தில் பளபளவென்று இருக்கிறது, ஏதோ ரப்பர் மாதிரித் தரை. பந்து விழுந்தால் தடம் விழாது. கைத்தடியோடு நடந்துபோய் ரிப்பன் வெட்டினேன். முட்டி காட்டிக்கொடுக்கவில்லை. தெக்லா முன்வரிசையில் இருந்தாள், அவளுடைய கிளிப்பச்சைப் பட்டில். வாயெல்லாம் சிரிப்பு. எனக்காகத்தான் சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பாவாடை கதை சொன்னேன், சிரித்தார்கள். பிறகு சொன்னேன்: "1983-ல் கடைசிப் பந்து வெளியே விழுந்தது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். உண்மை என்னவென்றால், நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்னாலேயே தடத்தை அழித்துவிட்டேன். அது உள்ளேயும் விழுந்திருக்கலாம். என் தங்கையிடம் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்."

 முதலில் ஒருவர் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்ன கைதட்டல்! தேசியக் கோப்பைக்குக்கூட அப்படித் தட்டவில்லை. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தீஸ்வரன் ஓடிவந்து தெக்லாவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து, எனக்கு வந்த சால்வைகளில் ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டார். கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். கட்டிப்பிடித்தோம். கட்டை மாதிரி நின்றாள். போட்டோ எடுத்தார்கள்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தெக்லா சால்வையை மடித்து என் மடியில் போட்டாள்.

"பாக்கலியா நீ?" என்றாள்.

"என்னட்டி?"

"சரியாப் பாக்கலன்னு மைக்குல சொன்னியே. பாக்கலியா? நான் எதுத்தாப்புல நின்னேன். ஒன் கண்ணு தடத்துக்குப் போச்சு. அங்கனயே நின்னுச்சு. பொறவு என்னையப் பாத்த. பொறவுதான் கால வச்ச. நாப்பத்தொரு வருசமா அந்தக் கண்ணுதான் எனக்குத் தெரியுது, பந்து இல்ல."

"சபையில மன்னிப்புக் கேட்டேன், இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு?" கத்தினேன். 

அவளும் கத்தினாள். என் தங்கை கத்தி நான் கேட்டதே இல்லை. "கேட்டியா? எவன்ட்ட கேட்ட? என்ட்டயா? அந்த ஐநூறு பேருட்டயா? அன்னைக்கு ஒரு பாயிண்ட எடுத்த. இன்னைக்கு அதையும் கைதட்டலா மாத்தி வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. அதுலயும் நீதான் சாம்பியன். என்னையத் தோத்தவளா மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துறான் அவன்! ஏன் வந்து பாக்கலன்னு கேட்டியே, சொல்லுதேன். வந்து நின்னு கேட்டுருந்தா, என் மூஞ்சியப் பாத்து நீ பொய் சொல்லிருப்ப. சொல்லிட்டீன்னா அதுக்கப்புறம் என்னால ஒன்ன அக்கான்னு கூப்புட முடியாது. ஒத்த அக்காதான இருக்கா, ஒரு கோப்பைக்காக அவளையும் விடணுமான்னுதான் வரல. நீ என்னடான்னா இன்னைக்கு மைக்கப் புடிச்சி அந்தப் பொய்யவே சொல்லிட்ட."

ஜூலை 22, திங்கள்

தெக்லா ஊருக்குப் போய்விட்டாள். பனிமய மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போக வேண்டும் என்றாள். கொடியேற்றம் இருபத்தாறாம் தேதிதான். மூன்று நாளைக்குக் குழம்பு வைத்து டப்பாக்களில் ஊற்றி, மேலே தேதி எழுதி வைத்திருந்தாள். "போயிட்டு வாரேன்" என்றாள். போயிட்டு வாரேன் யக்கா என்று சொல்லவில்லை.

போகட்டும். யாருக்கு நஷ்டம்?

ஜூலை 23, செவ்வாய்

பத்திரிகையில் வந்திருக்கிறது. கால் பக்கம், கலர் படம். 'நேர்மையின் சாம்பியன்' என்று தலைப்பு. கீழ்வீட்டுக்காரி லட்டோடு வந்து, "உங்கள மாதிரி யார் இருப்பா!" என்றாள். கதவைச் சாத்தினேன். பத்திரிகையைக் கிழித்தேன். கிழித்ததில் தெக்லாவின் முகம் இரண்டாகப் போய்விட்டது. அதற்கும் கோபம் வந்தது, என் மேல்தான்.

ஜூலை 26, வெள்ளி

போன் எடுக்கவில்லை. ஆறு தடவை.

ஜூலை 28, ஞாயிறு

எடுத்தாள். "கோயில்ல இருக்கேன், சத்தம் கேக்கல" என்றாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நூற்றிருபது டிகிரி. வலி ஒன்று. நஸ்ரினுக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர் ஆன்ட்டி! மனசு எப்டி இருக்கு?" என்றாள். தூத்துக்குடிக்கு ரயிலில் போகலாமா என்று கேட்டேன். "அய்யோ, அவ்ளோ நேரம் உக்காரக் கூடாது, இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றாள். ஒரு மாசமாம்! அதற்குள் நான் மறுபடியும் ஒரு சாண் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள், தூத்துக்குடி

திருவிழாவின் கடைசி நாள். ரயிலடியிலிருந்து ஆட்டோ கோயில் பக்கம் போகவே முடியவில்லை, ஜனம் அப்படி. முக்கில் இறங்கி நடந்தேன். வெயில், பொரிகடலைக் கடை, ஒலிபெருக்கி, தோளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடிக்கிறவர்கள். கைத்தடியால் இரண்டு பேரைக் குத்தினேன். தெக்லாவின் வீடு கோயிலுக்குப் பின்தெருவில்.

வாசலில் நின்றுகொண்டு யாரோ உறவுக்காரிகள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இந்தக் கால வச்சிக்கிட்டு என்னத்துக்கு வந்த?"

"ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"மைக்கு கொண்டாரலியா?"

வலித்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் திருப்பி அடிப்பேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"பாத்தேன்" என்றேன்.

"என்னத்த?"

"தடத்த. கோட்டு மேல விழுந்துச்சு. சுண்ணாம்பு தெறிச்சி என் ஷூவுல பட்டுச்சு. வெளிய இல்ல, ஒரு விரலும் இல்ல. கோட்டு மேல. பாத்தேன். பாத்துட்டு ஒன்னையப் பாத்தேன். நீ அந்தச் செட்ட எடுத்துட்டீன்னா மூணாவது செட்டு ஆட எனக்குக் காலு இல்லன்னு தெரியும். அதான் தேச்சேன். தெரிஞ்சே தேச்சேன்."

உறவுக்காரிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெக்லா அவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ளதான் விழுந்துச்சா?"

"உள்ள."

"அப்ப ட்யூஸ். நாப்பதுக்கு நாப்பது. ஆட்டம் முடியல."

"முடியல."

"ஆடிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

ஆமாம் என்று சொன்னால் அது பிச்சை போடுவது. இல்லை என்று சொன்னால் நான் சாகும் வரைக்கும் அதே ஜெசிந்தாதான். "தெரியாதுட்டி. ஒன்ன ஆட விடலியே நான்" என்றேன்.

அப்போதுதான் அவளுக்கு வெடித்தது. நடுத்தெருவில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், அறுபத்தோரு வயதுக்காரி, ரிட்டயர்டு டீச்சர், ஊர் முழுக்க மாணவிகள். எதையும் பார்க்கவில்லை. யக்கா, நீ ஒரு திருடி என்றாள். யக்கா, ஒன்னால என் மட்டைய அம்மா அடுப்புல வச்சா, அது தெரியுமா ஒனக்கு என்றாள். யக்கா, முப்பது வருசம் வெயில்ல விசிலு ஊதிட்டு நின்னேன், ஒன் பேரு பேப்பர்ல வந்தா பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டினேன், வாசிச்சிட்டு டீச்சருக ரூமுல போயி அழுதேன் என்றாள். யக்கா, அப்பாட்ட ஒனக்காகப் பொய் சொன்னேனே, அப்பா சாகும்போதும் அந்தப் பொய்யோடதான போனாரு என்றாள். ஒவ்வொரு வசவுக்கும் முன்னால் ஒரு யக்கா. ஒன்றைக்கூட விடவில்லை.

அழுகையும் வந்தது எனக்கு, துடைக்கவில்லை. சப்பரம் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் இருக்கும். நான் உட்காரவில்லை. அவளும் உட்காரச் சொல்லவில்லை.